உடையாத மேசை

1

போன வாரம் எங்கள் கல்யாண நாள். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது போனைத் திறந்தால், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் அண்ணன் சேவியர் எங்கள் கல்யாணப் படத்தைப் போட்டிருக்கிறார். ராயபுரம் கோயில் வாசலில் நானும் மனோகரும் நிற்கிற படம். கீழே கேக், ரோஜாப்பூ, ரெண்டு புறா. அதற்குக் கீழே பெரியப்பா வீடு, அத்தை வீடு, மாதவரத்து சம்பந்தி வீடு என்று வரிசையாக வாழ்த்து.

மனோகர் என்னோடு இல்லை என்பது அந்தக் குழுவில் எல்லோருக்கும் தெரியும். கோர்ட்டு உத்தரவுப்படி அவர் நான் குடியிருக்கும் தெருவுக்குள்ளேயே வரக்கூடாது என்பதும் தெரியும். இருந்தாலும் நல்ல நாளில் அதையெல்லாம் பேசக்கூடாது என்று ஒரு நினைப்பு. எனக்கு ஆத்திரம் வந்தது. பதிலுக்கு, எங்கள் கார் ஷெட்டில் நிற்கும் மேசையைப் படம் பிடித்து அனுப்பினேன். நானே மரம் வாங்கி, அறுத்து, ஒட்டிச் செய்த தச்சு மேசை.

இது இன்னா டைனிங் டேபிளா என்று அண்ணி கேட்டார். உடனே அண்ணன் எழுதினார், "இது மேலதான் எங்க ஸ்டெல்லா மாப்ளய போட்டு சாத்துச்சு." பிறகு சிரிக்கிற மூஞ்சிகள் வந்துகொண்டே இருந்தன.

சிரிக்கிற மாதிரி எதுவும் நடக்கவில்லை. நான் பஸ்ஸில் உட்கார்ந்து அந்தச் சிரிப்பு மூஞ்சிகளைப் பார்த்துக்கொண்டே போனேன். வேலையிடத்தில் ஆஸ்பத்திரி படுக்கை விரிப்புகளை மூட்டை மூட்டையாகத் துவைக்கிற மெஷினுக்குள் தள்ளும்போது முடிவு செய்தேன், நடந்ததை நடந்தபடியே ஒரு தடவை எழுதிவிடுவது என்று. ஊரில் இருப்பவர்கள் படிக்கட்டும். அப்புறம் சிரிப்பு வந்தால் சிரிக்கட்டும்.

2

நாங்கள் இருப்பது கனடாவில், ஹாமில்டன். பெரிய ஏரிக்கரையில் இரும்பு ஆலைகள் இருக்கிற ஊர். வந்த புதிதில் அந்தப் புகையைப் பார்த்துவிட்டு மனோகர், "எண்ணூர்லேந்து எண்ணூருக்கே வந்துட்டோம்" என்றார். நன்றாகப் பேசுவார். நாலு பேர் கூடினால் அவரைச் சுற்றித்தான் நிற்பார்கள். மாதவரத்தில் அவர்கள் வீட்டில் எல்லோருமே லாரிக்காரர்கள். இங்கேயும் அவருக்கு லாரிதான். ஒரு தடவை போனால் வாரக்கணக்கில் வர மாட்டார். அவர் வண்டி ஓட்டப் போயிருக்கும் நாட்களில் நானும் பள்ளிக்கூடம் போகிற எங்கள் பெண் ஜெனியும் சாதாரணமாக இருப்போம். அவர் வந்துவிட்டால், எந்த வார்த்தை எப்போது அவரைக் கிளப்பும் என்று தெரியாது.

அன்றைக்குக் கிளப்பியது ஒரு டிபன் பாக்ஸ். அவர் வழியில் சாப்பிடக் கட்டிக்கொடுத்ததில் ஊறுகாய் வைக்க மறந்திருந்தேன். திரும்பி வந்ததும் அதைக் கேட்டார். நான் பாத்திரம் கழுவிக்கொண்டே, பாட்டில்தான் வண்டியிலேயே இருக்கே என்றேன். அவ்வளவுதான். பின்னால் வந்து கழுத்தைப் பிடித்தார். என்னைத் தூக்கிச் சாப்பாட்டு மேசை மேல் அறைந்தார்.

அது கடையில் அட்டைப்பெட்டியில் வருகிற மேசை. மரத்தூளைப் பசை போட்டு அழுத்திச் செய்த பலகை, மேலே மர ஒட்டுத்தாள், நாலு ஸ்க்ரூ. என் பாரம் விழுந்ததும் நடுவில் பிளந்து, நானும் பலகையும் ஒன்றாகத் தரைக்குப் போனோம். தோள்பட்டைக்கு மேலே எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. ஜெனி மாடிப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரிக்கு அவரே கூட்டிக்கொண்டு போனார். மேசை உடைந்து விழுந்துட்டேன் என்று சொல்லச் சொன்னார், நானும் சொன்னேன். பொய்யும் இல்லை. நர்ஸ் ஒருத்தி அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, கதவைச் சாத்தி, மறுபடி கேட்டாள். எனக்கு என்ன ஆனதோ, வாயிலிருந்து வந்துவிட்டது: "ஹீ ஈஸ் பீட்டிங் மீ."

நான் நினைத்தது நம்ம ஊர்ப் பேச்சை. 'அடிச்சுகினு கீறாரு.' அதாவது வருஷக்கணக்காக, இத்தனை காலமாக. இங்கிலீஷில் அப்படிச் சொன்னால் இந்த நிமிஷம் அடித்துக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தமாம். நர்ஸ் திரும்பிக் கதவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சுவரில் இருந்த பொத்தானை அழுத்தினாள். ரெண்டு காவலாட்கள் ஓடி வந்தார்கள். அதற்கப்புறம் எதையும் திருப்பி எடுக்க முடியவில்லை. சரியான இங்கிலீஷ் தெரிந்திருந்தால் 'சும்மா எப்பவாவது' என்று மழுப்பியிருப்பேன்.

போலீஸ் வந்தது. போனில் ஒரு மொழிபெயர்ப்பாளரைப் பிடித்தார்கள். அந்தம்மா வேறு ஊர்த் தமிழ். நான் "மூஞ்சி மேல ரெண்டு வுட்டாரு" என்றால், "எதை விட்டார்?" என்று கேட்கிறார். பிடரியில் அடித்ததை "பொடனில வச்சாரு" என்றால், "என்ன வைத்தார்?" என்கிறார். நான் அழுதுகொண்டே என் சொந்தப் பேச்சைப் பாடப் புத்தகத் தமிழுக்கு மாற்றிச் சொன்னேன். அவர் அதை இங்கிலீஷாக்கினார். போலீஸ்காரர் ஒவ்வொன்றுக்கும் தேதி கேட்டார். மழை பெய்வதற்கு யாராவது தேதி வைத்திருப்பார்களா?

மனோகரை அன்றைக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பிறகு ஜாமீன், எங்கள் பக்கம் வரக்கூடாது என்று நிபந்தனை. வேறு ஊரில் ஒரு சிநேகிதர் வீட்டில் தங்கினார்.

3

ஊருக்குப் போன் போட்டுச் சொன்னேன். அண்ணன், போலீஸ் வரைக்கும் போயிருக்க வேணாம் என்றார். அவர் கெட்டவர் இல்லை. நாங்கள் வளர்ந்த சந்தில் அடி என்பது குழாயில் தண்ணீர் வருகிற மாதிரி. வரும், நிற்கும்.

தண்டையார்பேட்டையில் எங்கள் வீடு ஒரு மரவாடிக்குப் பின்புறம். எங்க நைனா அங்கேதான் லோடு இறக்கும் வேலை பார்த்தார். ஹார்பரிலிருந்து பர்மா மரம் லாரியில் வந்து இறங்கும்போது தரை அதிரும். பெரிய ரம்பத்தில் மரத்தைக் கொடுக்கும்போது ஒரு அலறல் எழும். அந்த அலறலுக்கு நடுவே எந்த வீட்டில் யார் அலறினாலும் வெளியே கேட்காது. ரம்பம் நின்றால்தான் கேட்கும். கேட்டால் ஜனங்கள் வெளியே வந்து நிற்பார்கள். யாராவது ஒருத்தர், அடிக்கிறவனைப் பார்த்து, "போதும் வுடு நைனா, செத்துகித்து வைக்கப்போது" என்பார். அதுதான் எங்கள் சந்தின் பஞ்சாயத்து.

எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்லிச் சிரிக்கிற கதை ஒன்று உண்டு. லூர்து சித்தி கதை. சித்தி காசிமேட்டில் மீன் விற்றவர். சித்தப்பா தினமும் குடித்துவிட்டு அங்கேயே வந்து அடிப்பார். ஒரு நாள் சித்தி மீன் வெட்டுகிற கட்டையைத் தூக்கி அவர் மணிக்கட்டில் போட்டார். கை ஒடிந்தது. அதன் பிறகு சித்தப்பா சித்தியைத் தொடவே இல்லை. கல்யாண வீடுகளில் இதை நடித்தே காட்டுவார்கள். எங்கள் கல்யாணத்திலும் நடித்தார்கள். மனோகர்தான் எல்லோரையும் விட அதிகமாகச் சிரித்தார்.

நான் அந்த அடியை நேரில் பார்த்தவள். பள்ளிக்கூடம் விட்டுச் சித்தியிடம் போயிருந்தேன். சித்தப்பாவின் எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே நின்றது. ரத்தம் மீன் கழுவின தண்ணீரோடு கலந்து என் செருப்புக்கு அடியில் ஓடியது. சித்தி நிறுத்தவில்லை. சுற்றி இருந்தவர்கள் பிடித்து இழுத்ததால்தான் நின்றது.

அண்ணனிடம் பேசிய அன்றைக்கு, போனைச் சித்தி வாங்கினார். எல்லோரையும் வெளியே போகச் சொல்லிவிட்டுப் பேசினார்.

"அந்தக் கதைய கேட்டு நீயும் கட்டையத் தூக்கிடாத ஸ்டெல்லா. அதுக்கப்புறம் அந்தாளு என்னத் தொடல, வாஸ்தவந்தான். ஆனா எனக்கு ஒரு நாள் நிம்மதி கெடையாது. எப்ப திருப்பிக் குடுப்பானோன்னு கட்டையத் தலமாட்டுல வச்சுகினே கெடந்தேன். அவன் செத்து எடுத்துகினு போன அன்னிக்குத்தான் அதத் தூக்கி அடுப்புல வச்சேன்."

இந்தப் பகுதியை யாரும் கல்யாண வீட்டில் நடித்துக் காட்டியதில்லை.

4

மேசை உடைந்த பிறகு நானும் ஜெனியும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அவள் தட்டை எடுத்துக்கொண்டு பாதி நாள் தன் அறைக்குப் போய்விடுவாள். நான் பேசினால் தமிழ் எல்லாம் புரியும், பதில் மட்டும் இங்கிலீஷில் வரும். சனிக்கிழமை தமிழ் வகுப்பில் அவள் ஒரு தடவை 'இருக்கிறது' என்பதற்கு 'கீது' என்று சொல்ல, டீச்சர் அதை வகுப்புக்கே சொல்லிச் சிரித்தாராம். அன்றோடு வாயை மூடிக்கொண்டவள். அப்பா போனதற்கு என்னைத்தான் அவள் காரணமாக நினைத்தாள். அவர் இருந்தால் சிரிக்கவாவது வைப்பார் என்று ஒரு நாள் சொன்னாள். அது உண்மை, அவளை அவர் ஒரு நாளும் அடித்ததில்லை.

எலும்பு கூடினதும் ஒரு சாப்பாட்டு மேசை வாங்கக் கடைக்குப் போனேன். வரிசையாக அதே அட்டைப்பெட்டி மேசைகள். ஒன்றின் மேல் கையை ஊன்றி அழுத்திப் பார்த்தேன், ஆடியது. எனக்கு வாங்கப் பிடிக்கவில்லை. நானே செய்தால் என்ன என்று வீட்டுக்கு வந்து வீடியோக்களைப் பார்த்தேன். பார்த்த எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள்: எதைச் செய்வதற்கும் முன்னால், வைத்து வேலை செய்ய ஆடாத கனமான ஒரு தச்சு மேசை வேண்டும், முதலில் அதைச் செய்.

மரவாடிக்குப் பின்னால் வளர்ந்தவள், ஆனால் ஒரு ஆணி அடித்ததில்லை. கடையில் 'ரெண்டுக்கு நாலு' என்று கேட்டு வாங்கினேன், வீடு கட்டுகிற மலிவான கட்டை. ரெண்டு அங்குலம், நாலு அங்குலம் என்று காகிதத்தில் கணக்குப் போட்டு எல்லாவற்றையும் அறுத்தேன். பொருத்தினால் எதுவும் சேரவில்லை. அளந்து பார்த்தால் கட்டை ஒன்றரைக்கு மூன்றரைதான் இருக்கிறது. ரெண்டுக்கு நாலு என்பது பெயராம், அளவு இல்லையாம். அறுத்ததில் பாதி விறகு. ஆத்திரத்தில் ஒரு கட்டையை எடுத்து ஷெட் சுவரில் ஓங்கி அடித்தேன். கட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை, என் தோளில் புது எலும்புதான் வலித்தது.

முதல் மேசையை வெறும் ஸ்க்ரூ போட்டு முடுக்கினேன். நின்றது. பார்க்க அழகாகவே இருந்தது. ஒரு கட்டையை அதன் மேல் வைத்து ரம்பம் போட்டதும் முன்னும் பின்னும் ஆடி, நாலாவது இழுப்பில் கால் மடங்கிப் பக்கவாட்டில் சரிந்தது. ரம்பம் என் கட்டைவிரல் அடியில் ஏறியது. ரத்தம் சொட்டச் சொட்ட நின்று, சுத்தியலால் அந்த மேசையை அடித்துத் துண்டு துண்டாகப் பிரித்தேன். கெட்ட வார்த்தைகள் எல்லாம் வந்தன, எங்கள் சந்தின் சுத்தமான கெட்ட வார்த்தைகள். அந்த அரை மணி நேரம் சுகமாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

பிறகுதான் புத்தி வந்தது. பாரத்தை ஸ்க்ரூ தாங்கக் கூடாது, மரம்தான் மரத்தைத் தாங்க வேண்டும். ரெண்டு கட்டையைச் சேர்த்து ஒட்டி ஒரு காலாக்கினேன். காலில் உளியால் பள்ளம் வெட்டி, குறுக்குக் கட்டையை அந்தப் பள்ளத்துக்குள் உட்கார வைத்தேன். கீழே நீளவாக்கில் ரெண்டு கட்டை, ஆட்டத்தைப் பிடிக்க. உளியை அடிக்க ஒரு மரச்சுத்தியல் வாங்கியிருந்தேன். மரவாடி ஆசாரிகள் அதைக் கொட்டாப்புளி என்பார்கள், எனக்கும் அந்தப் பெயர்தான் வாயில் வந்தது. தினமும் வேலை விட்டு வந்ததும் அதை எடுத்து அடிப்பேன். ஒவ்வொரு அடிக்கும் ஒரு முகம் நினைவுக்கு வரும். எப்போதும் ஒரே முகம்.

மேல்பலகைதான் பெரிய பாடு. கட்டைகளைப் பக்கவாட்டில் நிறுத்தி, ஒன்றோடு ஒன்று பசை போட்டு, கிளாம்ப் வைத்து இறுக்க வேண்டும். பசை போட்டதும் கட்டைகள் மீன் மாதிரி வழுக்கின. ஒரு பக்கம் இறுக்கினால் மறு பக்கம் எகிறுகிறது, பசை காய்கிறது, எனக்கு ரெண்டே கை. ஜெனியைக் கூப்பிட்டேன். காதில் பாட்டு மாட்டிக்கொண்டு வந்து பார்த்தாள். எகிறிய இடத்தில் கட்டைகள் மேல் அப்படியே குப்புறப் படுத்துக்கொண்டாள். நான் சுற்றிச் சுற்றி இறுக்கினேன். முடித்து எழுந்தபோது அவள் சட்டையெல்லாம் பசை. அதை நான் பாழாக்கிவிட்டதாகச் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மேசை நின்றது. இடுப்பால் இடித்துப் பார்த்தேன். சுவரை இடித்த மாதிரி இருந்தது. நானும் ஜெனியும் சேர்ந்து தள்ளியும் நகரவில்லை. சந்தோஷத்தில் அதன் மேல் ஏறி நின்றேன்.

5

ஒரு சனிக்கிழமை மத்தியானம், இழைப்புளி போட்டு மேல்பலகையைச் சமன் செய்துகொண்டிருந்தேன். ஷெட் கதவு தானாக மேலே ஏறியது. பனி வெளிச்சம் கண்ணைக் கூச, வாசலில் மனோகர் நின்றார். வீட்டுக்குள்ளிருந்து ஷெட்டுக்கு வரும் கதவில் ஜெனி நின்றாள். கையில் ஷெட் கதவின் ரிமோட்.

அவர் துணிமணியும் கருவிப்பெட்டியும் வேண்டும் என்று அவளிடம் கேட்டிருக்கிறார். எடுத்துக்கொண்டு போய்விடுவேன், அம்மாவிடம் ஒரு நிமிஷம் நல்லபடியாகப் பேச வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார். அவள் நம்பினாள். அவள் வயசு அப்படி, அவர் பேச்சும் அப்படி.

முதலில் நல்லபடியாகத்தான் பேசினார். இளைத்திருந்தார். மேசையைத் தடவிப் பார்த்து, "இன்னா, ஆசாரி ஆயிட்டியா?" என்றார். கேஸை வாபஸ் வாங்கச் சொன்னார். இந்த ஊரில் அது என் கையில் இல்லை, சர்க்கார் போட்ட கேஸ் என்றேன். எல்லாம் தெரிஞ்சு வச்சிருக்கே என்றார். நீங்க இங்க வரக்கூடாது, கிளம்புங்க என்றேன்.

"யார் வூட்டுக்கு யார் வரக்கூடாது?"

மேசைக் காலை எட்டி உதைத்தார். அது அசையவில்லை. பூட்ஸ் காலில் அவருக்குத்தான் வலித்திருக்க வேண்டும். மறுபடி உதைத்தார். தோளைக் கொடுத்துப் புரட்டப் பார்த்தார். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்தது, மேசை நகரவில்லை. சுத்தியலை எடுத்து மேல்பலகையில் மாறி மாறி அடித்தார். மரம் குழி குழியாக வாங்கிக்கொண்டது, விரியவில்லை. அவர் மூச்சு வாங்குவதைப் பார்த்தபோது எனக்கு உள்ளுக்குள் ஒரு கர்வம் வந்தது. அது முகத்தில் தெரிந்திருக்கும். அதுதான் தப்பாகிவிட்டது.

சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு என் கூந்தலைப் பிடித்தார். அதே பலகையில் என் முகத்தை அறைந்தார்.

பழைய மேசை என்னோடு சேர்ந்து உடைந்தது. அது உடைந்ததால் எனக்கு எலும்பு ஒன்றோடு போயிற்று. இந்த மேசை உடையவில்லை. நான் பார்த்துப் பார்த்துச் செய்த அத்தனை பலமும் என் முகத்துக்கு வந்தது. கன்னத்து எலும்பு நொறுங்கியது. ரெண்டு பல் மரத்தின் மேல் விழுந்து உருண்டதை என் கண்ணால் பார்த்தேன். ரெண்டாம் தடவை அறைந்தபோது வலி தெரியவில்லை, சத்தம் மட்டும் கேட்டது.

"வுடுடா! எங்கம்மாவ வுடுடா!"

ஜெனி. அவள் தமிழில் ஒரு முழு வாக்கியம் பேசி எத்தனை காலம் ஆகியிருந்தது என்று பிற்பாடுதான் யோசித்தேன். பின்னாலிருந்து அவன் முதுகில் பாய்ந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கல்யாணமானதிலிருந்து அவர், இவர் என்றே சொல்லிப் பழகியவள் நான். இந்த இடத்தில் மட்டும் எனக்கு அப்படி எழுத வரவில்லை. அவன் அவளை உதறினான். முழங்கை அவள் வாயில் இடித்தது, அவள் சிமெண்டுத் தரையில் மல்லாந்து விழுந்தாள். அவன் திரும்பி அவள் பக்கம் ஒரு அடி வைத்தான். தூக்கிவிடப் போனானோ, அடிக்கப் போனானோ, எனக்குத் தெரியாது. போலீஸிடமும் தெரியாது என்றுதான் சொன்னேன்.

என் கைக்கு அகப்பட்டது கொட்டாப்புளி. முன்கையில் அடித்தேன். காய்ந்த கட்டை முறிகிற மாதிரி ஒரு சத்தம். அவன் கத்திக்கொண்டு முட்டி போட்டு விழுந்தான். நான் இன்னொரு தடவை ஓங்கினேன். மண்டையைப் பார்த்துத்தான் ஓங்கினேன், அதில் சந்தேகமே இல்லை. என் வாய் ரத்தம் அவன் சட்டையில் சொட்டியது.

அவன் நல்ல கையால் தலையை மூடிக்கொண்டு, முழங்காலை மார்போடு மடக்கி, சுவரோரம் ஒடுங்கினான். நான் எப்படி ஒடுங்குவேனோ அப்படி. முதுகைத்தான் காட்ட வேண்டும், வயிற்றைக் காட்டக் கூடாது என்பது வரைக்கும் அப்படியே. இத்தனை வருஷம் பார்த்துப் பார்த்து அவனுக்கும் பாடமாகியிருக்கிறது.

ஓங்கின கை அங்கேயே நின்றது. என்னை யாரும் பிடித்து இழுக்கவில்லை. "ஜெனி, போன் பண்ணு" என்றேன். பல் இல்லாத வாயில் அது சரியாக வரவில்லை. அதற்குள் அவள் பண்ணியிருந்தாள்.

6

போலீஸ் வந்து மனோகரைக் கூட்டிக்கொண்டு போனது. ஒடிந்த கையில் விலங்கு மாட்ட முடியாமல் ஸ்ட்ரெச்சரோடு சேர்த்துக் கட்டினார்கள். என்னையும் ஆஸ்பத்திரியில் வைத்து நிறையக் கேட்டார்கள். எத்தனை அடி, எங்கே நின்றாய், அவர் நின்ற இடம் எது. கொட்டாப்புளியைப் பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துக்கொண்டார்கள். அது என்ன என்று கேட்டபோது நான் பெயரைச் சொல்ல, போனில் இருந்த மொழிபெயர்ப்பாளர் புளி என்று புரிந்துகொண்டு, புளியால் எப்படி அடித்தீர்கள் என்று கேட்டார். கிழிந்த உதட்டில் தையல் போட்டிருந்த ஜெனி பக்கத்துப் படுக்கையிலிருந்து, நான் சொல்கிறேன் என்று அவளே இங்கிலீஷில் சொன்னாள். நடந்தது முழுவதையும் அவள்தான் சொன்னாள். ரிமோட்டை அமுக்கியது தான்தான் என்பதையும் முதலிலேயே சொன்னாள்.

என் மேல் கேஸ் போடவில்லை. போடலாமா என்று யோசித்த வாரங்கள் இருந்தன. அந்த வாரங்களில் சூப்பைத் தவிர வேறெதுவும் உள்ளே போகவில்லை. மனோகர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். சில மாதங்கள் உள்ளே இருந்தார். வெளியே வந்ததும், மகளைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். அவளுக்கு இஷ்டமிருந்தால், சர்க்கார் ஆள் ஒருத்தர் கூடவே உட்கார்ந்திருக்கும் அறையில் பார்க்கலாம் என்று உத்தரவாயிற்று.

ஊரில் அண்ணனுக்கு ஒரே பெருமை. சித்தி மாதிரியே செய்துவிட்டாய் என்றார். சித்தி போனுக்கு வந்து, "எத்தினி போட்ட?" என்றார். ஒண்ணு என்றேன். "நல்ல வேள," என்று மட்டும் சொன்னார்.

எனக்கும் நிம்மதி ஒன்றும் வந்துவிடவில்லை. ஷெட் கதவு ஏறும் சத்தத்தைத் தாங்க முடியாமல் அதன் மோட்டாரைக் கழற்றிவிட்டேன். இப்போது கையால்தான் தூக்குகிறோம். ஜெனியிடம் அந்த ரிமோட்டைப் பற்றி நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவளும் பேசுவதில்லை. ஆனால் நான் சமைத்தால் வந்து பக்கத்தில் நிற்கிறாள். வெங்காயம் உரிக்கிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை, அதாவது அந்தக் கல்யாணப் படம் வந்து ரெண்டு மூன்று நாளில், அவளாகவே அப்பாவைப் பார்க்கப் போகிறேன் என்றாள். நான் அந்தக் கட்டடத்து வாசல் வரை கொண்டுபோய் விட்டேன். உள்ளே போனவள் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வெளியே வந்துவிட்டாள். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஷெட்டுக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் சுத்தியல் சத்தம். போய்ப் பார்த்தேன். ஒரு துண்டுக் கட்டையை மேசையோரம் பூட்டிய வைஸ் என்கிற இடுக்குப் பிடியில் இறுக்கி வைத்து, அதில் ஆணி அடித்துக்கொண்டிருந்தாள். எதையும் செய்யவில்லை, எதையும் சேர்க்கவில்லை, வெறும் ஆணி. ஒன்று முழுசாக இறங்கியதும் அடுத்தது. சிலது வளைந்தது, வளைந்ததை அப்படியே மடக்கி அடித்து நசுக்கினாள். முகமெல்லாம் கண்ணீர், மூக்கு ஒழுகியது, துடைக்கவில்லை. ஒவ்வொரு அடிக்கும் அவள் தோள் எகிறியது. மேசை நின்ற இடத்தில் நின்றது.

நான் வாசலிலேயே இருந்தேன். போய்க் கட்டிக்கொள்ளலாமா என்று இருந்தது. ஓங்கின கைக்குப் பக்கத்தில் போகக் கூடாது என்று எனக்குத் தெரியும். சத்தம் கொஞ்சம் ஓய்ந்தபோது கேட்டேன்.

"முடிச்சிட்டியா?"

"இல்ல."

"சரி. நான் உள்ள போயி உல வைக்கிறேன். ஆணி தீந்துட்டா மேல் தட்டுல இன்னொரு டப்பா கீது."

அரிசி களையும்போது சுத்தியல் சத்தம் மறுபடி ஆரம்பித்தது.